அத்தி பழுத்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்

வாசகர் கேள்வி–பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நாட்டுமரங்களும் புதர்களும் கொடிகளும் வைத்து உருவாக்கிய தோட்டங்களைப் பார்க்கப் போவது பற்றியவை. மதுரையைச் சுற்றிக் கல்லூரி வளாகங்களிலும் பண்ணைகளிலும் கண்மாய்க் கரைகளிலும் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு. போனவர்களில் சிலர் ஏமாற்றத்தோடு எழுதியிருக்கிறார்கள். அவர்களிடமிருந்தே தொடங்குகிறோம்.

சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பதினொரு மணிவாக்கில் போனோம். காக்கையும் மைனாவும் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. ஏராளமான பறவை வரும் என்றார்களே, எப்போது போனால் பார்க்கலாம்?
– வாசகி, அண்ணா நகர், மதுரை

நீங்கள் போன நேரம்தான் காரணம். சிறு பறவைகளின் உடம்பில் சேமிப்பு மிகக் குறைவு. இரவெல்லாம் பட்டினி கிடந்து, விடிந்ததும் இரைக்குப் பறக்கும். வெயில் ஏறியதும் இலைச் செறிவுக்குள் ஒதுங்கிவிடும். மதுரையில் ஆனி மாதம் 6 மணியை ஒட்டியும் தை மாதம் 6.30 தாண்டியும் சூரியன் உதிக்கும். அதிலிருந்து இரண்டு மணி நேரத்தைத் தவற விட்டால் பாதிப் பறவையைத் தவற விட்டதாகத்தான் கணக்கு. மாலை 4.30 முதல் இருட்டும்வரை இன்னொரு வாய்ப்பு உண்டு. ஆனால் காலைக்கு ஈடாகாது.

மாதக் கணக்கு இப்படி. ஐப்பசியிலிருந்து மாசி வரை வலசைப் பறவைகள் இருக்கும்: மாங்குயில், சூறைக்குருவி, அரசவால் ஈப்பிடிப்பான், ஆறுமணிக்குருவி. மாசியும் பங்குனியும் பூக்காலம். முள்ளிலவு, புரசு, கல்யாண முருங்கை ஆகிய மூன்றும் இலையை உதிர்த்துவிட்டுச் செக்கச்செவேல் என்று பூக்கும். இலை மறைக்காததால் தேன்சிட்டு, கரிச்சான், மைனா, வால்காக்கை எல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரியும். புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது. ஆனி, ஆடியில் வேம்பும் நாவலும் பழுக்கும். குயில், கொண்டைக்குருவி, மைனாக்கள் விடாமல் வரும். சித்திரை, வைகாசியில் போகத்தான் வேண்டும் என்றால் விடிகாலையில் போங்கள். அது முடியாவிட்டால் தண்ணீர் இருக்கும் இடத்தருகே நிழலில் உட்காருங்கள். உச்சி வெயிலிலும் குடிக்க, குளிக்கப் பறவைகள் அங்கே வந்தாக வேண்டும்.

மாதத்தையும் மீறிய ஒன்று அத்திக் குடும்பம். ஆல், அரசு, அத்தி, இத்தி மரங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் பழுப்பதில்லை. ஒவ்வொரு மரத்துக்கும் தன் காலம் உண்டு. அதனால் தோட்டத்துக்குள் நுழைந்ததும் தோட்டக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எந்த மரம் பழுத்திருக்குண்ணே?" என்பதுதான். அந்த மரத்திலிருந்து இருபது முப்பது அடி தள்ளி, காலையில் என்றால் மரத்துக்குக் கிழக்கே உட்காருங்கள். வெயில் உங்கள் முதுகில் அடிக்கும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். மேற்கே உட்கார்ந்தால் எல்லாப் பறவையும் கருநிழலாகத்தான் தெரியும். கால் மணி நேரம் அசையாமல் இருங்கள். பச்சைப்புறா இலையோடு இலையாக ஒட்டியிருக்கும். மேலே தேடிக் கழுத்து வலிப்பதைவிடச் சருகின் மேல் பழம் பொத்பொத்தென்று விழும் இடத்தைக் கவனித்து, அதற்கு நேர் மேலே பாருங்கள்.

எங்கள் குடியிருப்புப் பூங்காவில் புல்தரை, செயற்கை நீரூற்று, வரிசையாகப் பூச்செடி என்று எல்லாம் அழகாக இருக்கிறது. பறவை மட்டும் இல்லை. நாட்டுமரத் தோட்டத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?
– வாசகர், திருநகர்

புழு இருக்கிறது. விளையாட்டாகச் சொல்லவில்லை. தேன் குடித்து வாழும் தேன்சிட்டுகூடக் குஞ்சுக்குப் பூச்சியும் சிலந்தியும்தான் ஊட்டும். தானியம் தின்னும் சிட்டுக்குருவியும் அப்படியே. குஞ்சு பொரித்த வாரங்களில் இலைப்புழு கிடைக்காத தோட்டத்தில் பறவை குடும்பம் நடத்த முடியாது.

அந்தப் புழுக்கள் கண்ட இலையைத் தின்பதில்லை. வெந்தய வரியன் பட்டாம்பூச்சி எருக்கிலும் அதன் இனச் செடிகளிலும் முட்டை இடும். ஆடுதீண்டாப்பாளைக் கொடி இருந்தால்தான் சிவப்புடம்பு அழகி பெருகும். எலுமிச்சை, வில்வம், கறிவேப்பிலை இனத்துக்கு ஒரு கூட்டம். கொன்றை, ஆவாரைக்கு வேறொரு கூட்டம். வெளிநாட்டிலிருந்து வந்த அலங்காரச் செடிகளில் பலவற்றை நம் ஊர்ப் புழுக்கள் தொடுவதில்லை. இலை ஓட்டை விழாமல் பளபளவென்று இருப்பதால்தான் அவற்றை விரும்பி நடுகிறார்கள். பறவைக்கு அது காலி அடுப்பங்கரை. இலை ஓட்டை ஓட்டையாக இருக்கும் தோட்டத்தைப் பார்த்தால், பராமரிப்பு இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இரண்டாவது, அடுக்கு. மேலே இலுப்பை, நாவல், புங்கம். நடுவே ஆத்தி, பூவரசு. கீழே நொச்சி, குருந்து, காரை. தரையில் புல்லும் சருகும். ஒவ்வொரு அடுக்கிலும் மேய்கிற பறவை வேறு. தவிட்டுக்குருவிக் கூட்டமும் ஆறுமணிக்குருவியும் சருகைப் புரட்டித்தான் பூச்சி பிடிக்கும். தினமும் காலையில் சருகைக் கூட்டித் தீ வைக்கும் பூங்காவில் அவற்றுக்குச் சோறு இல்லை. உங்கள் பூங்காவில் ஓர் ஓரத்தையாவது கூட்டாமல் விடச் சொல்லிப் பாருங்கள். செலவே இல்லாத மாற்றம் அதுதான்.

மூன்றாவது, முள். இலந்தை, சூரை, காரைப் புதர்கள் பார்க்க ஒழுங்கில்லாமல் இருக்கும். ஆனால் காக்கையும் பூனையும் எளிதில் நுழைய முடியாத கூடு அங்கேதான் அமையும்.

எல்லா வெளிநாட்டு மரமும் வீண் என்று சொல்ல மாட்டோம். கொடுக்காப்புளிக்குக் கிளியும் மைனாவும் வருகின்றன. சாலையோரத் தூங்குமூஞ்சியில் இரவு அடைகின்றன. ஆனால் வேலி மறைப்புக்காக வரிசையாக நட்ட கோனோகார்பஸுக்கு எந்தச் சமாதானமும் இல்லை. தமிழ்நாடு அரசே அதை நடத் தடை விதித்திருக்கிறது. உங்கள் பூங்காவில் இருந்தால் அந்த இடத்தில் நொச்சியும் மருதாணியும் வையுங்கள். இரண்டையும் வெட்ட வெட்ட அடர்த்தியாகத் தழையும்.

கருவேலம், சீமைக்கருவேலம், வெள்வேல், வன்னி நான்கும் எனக்கு ஒரே மாதிரித் தெரிகின்றன. எப்படிப் பிரித்துப் பார்ப்பது?
– வாசகர், உசிலம்பட்டி

காயையும் பூவையும் பாருங்கள். கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை; காய் மணிமணியாக இடுக்கு விழுந்து, சாம்பல் பூத்த மாலை மாதிரி இருக்கும்; முள் வெளுத்து, நேராக, ஜோடி ஜோடியாக நிற்கும். சீமைக்கருவேலத்தின் பூ உருண்டையாக இருக்காது, வெளிர்மஞ்சளாக விரல்போல் நீண்டு தொங்கும். நெற்று மஞ்சளாக, நீளமாக, இடுக்கு இல்லாமல் இருக்கும். கிளை வளைந்து வளைந்து போகும். வெள்வேலை மரப்பட்டையின் வெளுப்பிலேயே தூரத்திலிருந்து சொல்லிவிடலாம்; பூ வெண்மஞ்சள் உருண்டை, கிளை நுனியில் கொத்துக் கொத்தாக. வன்னியின் பூவும் மெல்லிய கதிர்தான். ஆனால் முள் இலைக்கணுவில் ஜோடியாக இராது, கணுக்களுக்கு இடையே ஆங்காங்கே சிதறியிருக்கும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் வன்னி தப்பாது.

தெரிந்துகொள்வதில் பயன் உண்டு. சீமைக்கருவேலத்தை அகற்றுகிறோம் என்று கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்துச் சாய்த்துவிடும் ஆபத்து இருக்கிறது. நாரையும் கொக்கும் அரிவாள்மூக்கனும் கூடு கட்டுவது அந்தத் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில்தான்.

பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேரை அழைத்துப் போகிறேன். என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்? விஷச் செடிகள் பற்றிப் பயமாக இருக்கிறது.
– ஆசிரியை, திருமங்கலம்

நாற்பது பேரும் ஒன்றாக நடந்தால் பறவை பார்க்க முடியாது. பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பெரியவர் என்று வையுங்கள். ஒரு குழு அத்தியடியில், ஒன்று தண்ணீர் அருகே, ஒன்று புதர்ப் பாதையில், ஒன்று சருகுத் தரையில். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறட்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் பறவையைப் பிடித்துக் காட்டுவது சிரமம். அவர்களுக்கு "கடித்த இலை ஐந்து தேடு, எந்தச் செடி என்று எழுது" என்று வேலை கொடுங்கள். இலையைத் தேடினால் புழு, புழுவைத் தேடினால் தையல்சிட்டு என்று தானாக வந்து சேருவார்கள்.

பயப்பட வேண்டாம், ஆனால் கிளம்புமுன் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: எதையும் வாயில் வைக்கக் கூடாது. குன்றிமணி பார்க்க அழகு. விதையை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. செங்காந்தள் நம் மாநில மலர்தான், ஆனால் செடி முழுக்க நஞ்சு, கிழங்கில் மிக அதிகம். அரளி, ஊமத்தை இரண்டும் பிள்ளைகளுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கசக்காமல் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். தாய்ப்பால் விடுவது, எண்ணெய் விடுவது எதுவும் வேண்டாம்.

செந்தட்டி பட்டால் சுருக்கென்று எரியும். தேய்த்தால் சுணை இன்னும் உள்ளே இறங்கும். ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் வைத்து அழுத்தி உரித்தெடுத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பூனைக்காலிக் காயின் சுணைக்கும் இதே வைத்தியம். மலைத்தேனீக் கூடு தொங்கும் மரத்தடியில் நிற்கவே விடாதீர்கள். கல்லெறியும் பையன் ஒருவன் போதும். செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போடச் சொல்லுங்கள்.

பறவையின் குரலை மொபைலில் ஒலிக்கவிட்டால் பக்கத்தில் வருகிறது, படம் நன்றாக விழுகிறது. இது தவறா? எந்த பைனாகுலர் வாங்கலாம்?
– கல்லூரி மாணவர், மதுரை

தவறுதான். அது உங்களைப் பார்க்க வருவதில்லை; தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டான் என்று சண்டைக்கு வருகிறது. அந்த நேரத்தில் கூட்டை விட்டு வந்திருந்தால், நம் ஊர் வெயிலில் முட்டை சூடேறிக் கெட்டுப்போகும், இல்லை காக்கை கொத்திப் போகும். ஒருவர் செய்துவிட்டுப் போவார், அரை மணியில் இன்னொருவர் வருவார். இரண்டு மூன்று நாளில் அந்தப் பறவை இடத்தையே காலி செய்துவிடலாம். கூட்டை மறைக்கும் கிளையை ஒதுக்கிப் படம் எடுப்பது அதைவிட மோசம். நீங்கள் ஒதுக்கியது வைரி என்ற வேட்டைப்பறவையின் கண்ணுக்கும்தான் வழி விடும். கூட்டருகே ஃபிளாஷும் கூடாது.

பைனாகுலரில் 8x42 வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 42 என்பது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5-க்குச் சற்று மேல் வரும். அதுதான் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம். அது குறைந்தால் விடிகாலையிலும் மரநிழலிலும் இருட்டடிக்கும். 20 மடங்கு என்று சந்தையில் விற்பதை வாங்கினால் கை நடுக்கமும் 20 மடங்காகும். புதருக்குள் தாவும் தையல்சிட்டைப் பிடிக்கவே முடியாது.

வாங்கியதும் ஒருமுறை சரிசெய்ய வேண்டும். பலர் இதைச் செய்யாமல் தலைவலி என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். தூரத்தில் ஓர் எழுத்துப் பலகையைப் பாருங்கள். வலது பக்க முன்கண்ணாடியைக் கையால் மூடி, நடு உருளையைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது பக்கத்தை மூடி, நடு உருளையைத் தொடாமல், வலது கண் அருகே இருக்கும் வளையத்தை மட்டும் திருப்புங்கள். வளையம் நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி நடு உருளை மட்டும் போதும். கண்ணாடி போடுகிறவர் ரப்பர்க் குவளையை உள்ளே தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும்.

பறவையைக் கண்டால் பார்வையை அதன் மேலிருந்து எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து கருவியைப் பார்த்தீர்கள் என்றால் பறவை போய்விடும்.

அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி. கூட்டிப் போகலாமா?
– வாசகி, கே.கே. நகர், மதுரை

தாராளமாக. நடந்து பார்ப்பவரைவிட உட்கார்ந்து பார்ப்பவருக்குத்தான் அதிகம் கிடைக்கும். மார்கழி, தையில் ஏழு மணிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி தெரியும் இடத்தில் முதுகு சாயும் நாற்காலி போட்டுவிடுங்கள். பாதை சரளையா, கெட்டித் தரையா, கழிப்பறை எவ்வளவு தூரம் என்று மட்டும் முன்னதாகப் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் கிராமப் பள்ளியில் மூன்று சென்ட் செம்மண் இடம் காலியாக இருக்கிறது. அதில் சிறிய பறவைத் தோட்டம் போட முடியுமா?
– தலைமை ஆசிரியர், பேரையூர் பக்கம்

மூன்று சென்ட் என்பது சுமார் 1,300 சதுர அடி. போதும். ஆல், அரசு மட்டும் வேண்டாம். வேர் சுவரைப் பிளக்கும். மரம் மூன்று போதும்: ஒரு கொன்றை, ஒரு புங்கம், ஒரு ஆத்தி. ஒன்றுக்கொன்று 12 முதல் 15 அடி இடைவெளி. நடுவிலும் ஓரத்திலும் நொச்சி, ஆவாரை, மருதாணி, குருந்து, காரை, ஆடாதோடை என்று 3 அடிக்கு ஒன்று. வேலிக்குக் கிளுவைப் போத்து (வெட்டிய கிளைத்துண்டு) ஊன்றி, அதில் ஆடுதீண்டாப்பாளையும் முடக்கத்தானும் ஏற்றிவிடுங்கள். ஆடு நுழையும் ஊர் என்றால் முதல் வருடம் வெளிவரிசையில் நொச்சி, ஆடாதோடை, எருக்கு வையுங்கள். ஆடு அவற்றைச் சீண்டுவது குறைவு.

குழியை ஆவணியிலேயே எடுத்து ஆறப் போடுங்கள். மரத்துக்கு 2 அடிக்கு 2 அடி, ஆழம் 2 அடி. சரளை இறுகிய இடம் என்றால் 3 அடி. மேல்மண்ணைத் தனியே குவித்து, அதோடு நான்கில் ஒரு பங்கு மக்கிய தொழு உரம் கலந்து நிரப்புங்கள். அதிகமாகப் போட்டால் வேர் குழியை விட்டு வெளியே போகாமல் தொட்டிச் செடிபோல் அங்கேயே சுற்றும். புரட்டாசிக் கடைசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழை பார்த்துக்கொள்ளும். பங்குனியில் நட்டு வாளியில் தண்ணீர் தூக்கித் துன்பப்பட வேண்டாம்.

நாற்றுப் பையைக் கிழித்ததும் அடியைப் பாருங்கள். வேர் வளையம் வளையமாகச் சுருண்டிருந்தால் கத்தரியால் அந்தச் சுருளை வெட்டிவிட்டு நடுங்கள். அப்படியே நட்டால் இரண்டு மூன்று வருடம் நன்றாக வளர்ந்து, காற்றில் அடியோடு சாயும். தண்டு பையில் எந்த மட்டத்தில் மண்ணைத் தொட்டதோ அதே மட்டம்தான் தரையிலும். மூடாக்கு 3 அங்குலம் சருகு; தண்டை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், ஒட்டினால் அழுகும். நாற்று அதிகம் சாவது முதல் கோடையில்தான். மாசி முதல் ஆடி வரை, மரத்துக்கு வாரம் இருமுறை 10 லிட்டர் கட்டாயம். பள்ளி விடுமுறையும் அந்தச் சமயத்தில் வருவதால் யார் ஊற்றுவது என்று இப்போதே பெயர் எழுதி வையுங்கள்.

விதை போடுவதாக இருந்தால்: கொன்றை விதையின் தோல் கல் மாதிரி. உப்புத்தாளில் ஒரு பக்கம் தேய்த்து ஓர் இரவு ஊறவைத்தால்தான் முளைக்கும். வேம்பு, இலுப்பை, நாவல் மூன்றும் நேர்மாறு. விழுந்து ஓரிரு வாரத்துக்குள் விதைக்காவிட்டால் முளைப்புத் திறன் போய்விடும். புங்கனுக்கு எந்த நேர்த்தியும் தேவையில்லை.

தண்ணீர்: ஓர் அடிக்கு மேல் அகலமான மண்தட்டு. ஆழம் 2 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, ஓரம் 1 அங்குலம் போதும். நடுவில் சொரசொரப்பான கல் ஒன்று. வழவழப்பான எவர்சில்வர் தட்டில் பறவை நிற்கத் தயங்கும், வெயிலிலும் கொதிக்கும். புதரிலிருந்து ஆறேழு அடி தள்ளி வையுங்கள். அதைவிடக் கிட்டே என்றால் பூனை பதுங்கும்; ரொம்பத் தள்ளி என்றால் வைரி வந்தால் ஒளிய முடியாது. கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். தினமும் மாற்ற முடியாவிட்டாலும் மூன்று நாளுக்கு ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் கொசுப் பேச்சே வராது.

தோட்டத்துப் பறவைக்கு முறுக்கு, பிஸ்கட் போடலாமா?
– வாசகர், சோழவந்தான்

வேண்டாம். உப்பும் எண்ணெயும் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. போட்ட இடத்தில் காக்கை கூடும். காக்கை கூடிய இடத்தில் சிறு பறவையின் கூடு தப்பாது.

எங்கள் முருங்கையில் ஒரு கிளை பட்டுவிட்டது. அதில் பச்சையாக, நெற்றியில் சிவப்பாக ஒரு சின்னக் குருவி துளை போடுகிறது. நாளெல்லாம் "டுக்… டுக்… டுக்…" என்று ஒரே தாளத்தில் கத்துகிறது. கிளையை வெட்டிவிடவா?
– வாசகர், அலங்காநல்லூர்

செம்மார்புக் குக்குறுவான் உங்களைத் தேடி வந்திருக்கிறது. வெட்டாதீர்கள். உளுத்த மென்மரம்தான் அதற்கு வேண்டும். பச்சைக் கிளையில் கொத்த அதன் அலகு போதாது. ஆணும் பெண்ணும் மாறி மாறிக் குடையும். நன்றாகப் பாருங்கள்: துளை கிளையின் அடிப்பக்கம் பார்த்து, 2 அங்குலத்துக்குள் வட்டமாக இருக்கும். மழை உள்ளே இறங்காது. கீழே மரத்தூள் புதிதாக விழுந்திருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். கிளை வீட்டின் மேல் விழும் என்று பயம் இருந்தால் துளைக்கு மேலே நீண்டிருக்கும் பகுதியை மட்டும், அதுவும் குஞ்சு பறந்த பிறகு, குறைத்துக்கொள்ளுங்கள். அது விட்டுப்போன பொந்தை வேறு சிறு பறவைகள் பிறகு எடுத்துக்கொள்ளக்கூடும்.

தோட்டம் பார்த்து ஆசை வந்துவிட்டது. மதுரை பக்கம் அடுத்து எங்கே போகலாம்?
– வாசகி, மேலூர்

உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே அரிட்டாபட்டி இருக்கிறது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம்; மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர். பாறைக் குன்றுகளில் லகர் வல்லூறும் ஷாகீன் வல்லூறும் இருக்கின்றன. குளிர்காலமும் அதையடுத்த மாதங்களும் அவை பாறை இடுக்கில் கூடு வைக்கும் காலம் என்பதால் குன்றின் மேல் ஏறாமல் கண்மாய்க் கரையிலிருந்து பாருங்கள். நத்தம் பக்கம் காசம்பட்டிக் கோயில்காடு 5 ஹெக்டேர்கூட இல்லை, ஆனால் யாரும் திட்டமிட்டு நடாத நாட்டுமரக் காடு எப்படி அடுக்கடுக்காக நிற்கும் என்பதை அங்கே பார்க்கலாம். 2025-ல் அதுவும் பாரம்பரியத் தலமானது. நீர்ப்பறவைக்கு மழைக்குப் பின் சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி சரணாலயம். கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் பறவைக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை, நீங்களும் வண்டி ஹாரனை அடக்கிக்கொள்ளுங்கள். பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்டது கேட்டது எல்லாவற்றையும் ஈபேர்ட் செயலியில் பதிவிட்டால் போதும். காக்கையையும் எழுதுங்கள்.

தோட்டத்தில் ஒரு குஞ்சு கீழே கிடந்தது. வீட்டுக்கு எடுத்து வந்து வளர்க்கலாமா?
– வாசகர், வாடிப்பட்டி

இறகு முளைத்து, தத்தித் தத்தி நடக்கிறதா? அது பறக்கப் பழகுகிறது; தாய் பக்கத்தில்தான் இருக்கும். நாய், பூனை வராத புதர்க்கிளையில் தூக்கி வைத்துவிட்டு அகலுங்கள். இறகே இல்லாத வெற்றுக் குஞ்சு என்றால் கூட்டைத் தேடித் திரும்ப வையுங்கள். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மை அல்ல. கூடு எட்டாத உயரம் என்றால் அடியில் ஓட்டை போட்ட சிறு கூடையில் காய்ந்த புல் வைத்து அதே மரத்தில் கட்டி, அதில் விட்டுவிடலாம். தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். காயம் பட்டிருந்தால் காற்றுப் போகும் அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். கிளிக் குஞ்சு என்றாலும் இதே வழிதான். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்க் கிளியை வீட்டில் வளர்ப்பது குற்றம்.